பிழைதிருத்தமும் பெருங்குடற் புற்றுநோயும்

தமிழ்த்துறை மலருக்கு விலங்கியல் பயிற்றுவிக்கும் ஒருவன் எதை எழுதுவது என்னும் தயக்கம் எனக்கு இருந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழைகளையும், அவற்றைக் களைந்து நூலைப் பதிப்பிப்போரின் உழைப்பையும் நன்கறிந்த துறை இது. உயிரணுவுக்குள்ளும் பெயர்த்தெழுதும் பணியும் பிழை களையும் பணியும் இடையறாது நடைபெறுகின்றன. அந்தப் பிழைதிருத்தத்தைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். பெருங்குடற் புற்றுநோய்க்கு இன்று அளிக்கப்படும் மருத்துவத்தோடு அது கொண்டுள்ள தொடர்பு வியப்புக்குரியது. நோயுற்றோரின் குடும்பத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியதும் ஆகும்.

இதனை எழுதத் தூண்டியவர், பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த பெரியவர் ஒருவர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, செய்தித்தாள் நறுக்கு ஒன்றை ஏந்தி என் இல்லத்திற்கு வந்தார். புற்றுநோய்க்கு மருந்து கண்டறியப்பட்டுவிட்டது என்றும், அமெரிக்காவில் அதனைப் பெற்ற பன்னிருவரும் முற்றாகக் குணமடைந்தனர் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவருடைய மைத்துனருக்குப் பெருங்குடலில் தோன்றிய புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "தம்பி, இந்த மருந்து என் மச்சானுக்கு ஆகுமா? நிலத்தை விற்றாவது வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றார். ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாத வினா அது.

செய்தி பொய்யன்று. நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டோஸ்டார்லிமாப் என்னும் மருந்து ஆறு மாத காலம் செலுத்தப்பட, பன்னிருவரின் கட்டியும் அறவே மறைந்தது உண்மையே. 2025ஆம் ஆண்டு வெளியான விரிவான அறிக்கையில் அவ்வெண்ணிக்கை 49ஆக உயர்ந்திருந்தது; அந்த 49 பேரின் கட்டியும் மறைந்திருந்தது. ஆனால் செய்தியில் இரு குறிப்புகள் விடுபட்டிருந்தன. அவர்களுக்கு இருந்தது மலக்குடற் புற்று; அது வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்தது. இரண்டாவது குறிப்பு இன்னும் முதன்மையானது. அவர்கள் அனைவருடைய கட்டியும் பிழைதிருத்தும் ஆற்றலை இழந்த ஒரு தனி வகையைச் சேர்ந்தது.

உடலின் காவற்படை

நம் குருதியில் உலவும் வெள்ளையணுக்களுள் டி அணுக்கள் என்பவை ஒரு வகை. நச்சுயிரி புகுந்த உயிரணுவையும், உருமாறிப்போன உயிரணுவையும் அடையாளம் கண்டு அழிப்பது அவற்றின் பணி. இப்படையைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடலாம் என்னும் எண்ணம் புதியதன்று. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891ஆம் ஆண்டிலேயே கட்டிகளுக்குள் நோய்க்கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், காரணம் எவர்க்கும் விளங்கவில்லை.

விளக்கம் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கட்டுக்கடங்காத காவற்படை தன் நாட்டையே சூறையாடிவிடும் அன்றோ? அதனால் டி அணுக்களின் மேற்பரப்பிலேயே அவற்றை அடக்கும் தடைகள், வண்டியின் பிரேக் போல, அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றான பி.டி.-1 என்னும் புரதத்தை ஜப்பானியப் பேராசிரியர் தசுகு ஹோஞ்சோவின் குழுவினர் 1992இல் கண்டறிந்தனர். சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றொரு தடையை விலக்கினால் எலிகளின் கட்டி கரைகிறது என்பதை அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் 1996இல் வெளியிட்டார். இவ்விருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. புற்று உயிரணுக்கள் இந்தத் தடைகளைத் தாமே மிதித்துக் காவலரைச் செயலிழக்கச் செய்கின்றன. அவ்வாறு மிதிக்க இயலாதபடி தடையை மூடிவிடும் எதிர்ப்பொருள்களே இன்று தடுப்பாற்றல் மருத்துவம், அதாவது இம்யூனோதெரபி, என்ற பெயரால் பெரிதும் வழங்கப்படுபவை. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், டோஸ்டார்லிமாப் ஆகியன பி.டி.-1 தடையை மூடுவன. இபிலிமுமாப் மற்றொன்றை மூடுவது. இவை புற்றை நேரே கொல்வதில்லை என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். கொல்லும் பணி நம் டி அணுக்களுடையதே.

தோலில் தோன்றும் மெலனோமா என்னும் கொடிய புற்றில் இம்மருந்துகள் பெரும்பயன் தந்தன. பெருங்குடற் புற்றிலோ ஏமாற்றமே எஞ்சியது. 2012இல் வெளியான நிவோலுமாப் ஆய்வில் பெருங்குடற் புற்றினர் 19 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவருக்கேனும் கட்டி சுருங்கவில்லை. எனினும் அதற்கு முந்தைய சிற்றாய்வில் இதே நோயுடைய ஒரேயொருவர் முற்றாகக் குணமடைந்திருந்தார். அனைவரையும் கைவிட்ட மருந்து அவர் ஒருவரை மட்டும் எவ்வாறு காத்தது? இந்த வினாவை அலட்சியம் செய்யாமல் தொடர்ந்து சென்றவர்கள் பால்ட்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அம்மனிதரின் கட்டியில் பிழைதிருத்தம் பழுதுபட்டிருந்தது என்பதே அவர்கள் கண்ட விடை.

பெயர்த்தெழுதுவோன் தடுமாறும் இடம்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதிலுள்ள டி.என்.ஏ. ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. நான்கே எழுத்துகளால் ஆகிய அவ்வேட்டின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் எங்குத் தடுமாறுவான் என்று என் ஆசிரியரைக் கேட்டேன். ஒரே சொல்லோ ஒரே எழுத்தோ அடுத்தடுத்து வருமிடத்தில் கண் வழுக்கும். ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும் என்றார். உயிரணுவிலும் அப்படியே. ஒரே எழுத்து பத்து முறை, இருபது முறை தொடர்ந்து வரும் பகுதிகள் டி.என்.ஏ.வில் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். படியெடுக்கும் நொதி அங்குதான் எண்ணிக்கையைத் தவறவிடுகிறது.

அத்தவறுகளைக் கண்டு திருத்துவதற்கென்றே சில புரதங்கள் உள்ளன. அவற்றுள் நான்கு மருத்துவத்தில் இன்றியமையாதவை: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. இவற்றுள் ஒன்று இல்லாமற் போனாலும் மெய்ப்புப் பாராமல் அச்சேறிய நூலின் கதிதான். பிழைகள் பெருகும், அவற்றுள் சில, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் விழும், புற்று தோன்றும்.

ஆனால் இதே குறைபாட்டுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பிழை மலிந்த ஏட்டிலிருந்து உருவாகும் புரதங்களும் விகாரமானவை. உடல் முன்பு கண்டிராத அவ்வுருவங்களை டி அணுக்கள் எளிதில் அயலவர் என இனங்காண்கின்றன. ஆகவே இத்தகைய கட்டிகளைச் சுற்றிலும் டி அணுக்கள் ஏராளமாகக் குழுமியிருக்கும். தடை மிதிக்கப்பட்டிருப்பதால் செயலற்று நிற்கும். தடையை நீக்கியவுடன் பாய்கின்றன. 2015இல் ஹாப்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட கணக்கு இதனைத் தெளிவாக்குகிறது. பிழைதிருத்தம் பழுதுற்ற கட்டியில் சராசரியாக 1782 மரபணு மாற்றங்கள் இருந்தன; பழுதுறாத கட்டியில் 73 மட்டுமே. பெம்ப்ரோலிசுமாப் பெற்ற முதல் வகையினர் பதின்மருள் நால்வருக்குக் கட்டி சுருங்கியது. இரண்டாம் வகையினர் 18 பேரில் எவருக்கும் சுருங்கவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்று எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், இந்தப் பிழைதிருத்தக் குறைபாட்டையே அளவுகோலாகக் கொண்டு இம்மருந்துக்கு இசைவளித்தது. மருத்துவ வரலாற்றில் அதுவே அத்தகைய முதல் இசைவு.

இனி வருத்தத்திற்குரிய செய்தி. பரவிய நிலையிலுள்ள பெருங்குடற் புற்றினருள் இக்குறைபாடு உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. இதனைக் கேட்டதும் என் ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நறுக்கின் தலைப்பில் 'புற்றுநோய்க்கு' என்பதற்கும் 'மருந்து' என்பதற்கும் இடையே மெய்ப்புத் திருத்துவோர் இடும் குறியொன்றை இட்டு, மேலே 'சிலர்தம்' என்று எழுதினார்.

ஒரு தடையா, இரு தடைகளா?

முதலில் அந்த ஐவரைப் பற்றிக் கூறிவிடுகிறேன். அவர்களுக்குக் கீமோதெரபி என்னும் வேதிமருந்தைவிடப் பெம்ப்ரோலிசுமாப் ஒன்றே மேலானது என்பதை 307 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் நிறுவியது. நோய் முன்னேறாது நின்ற இடைநிலைக் காலம் வேதிமருந்தால் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப்பால் 16.5 மாதம். ஆயினும் ஆய்வினுள் நுழைந்து பார்த்தால் ஒரு முள் தைக்கிறது. புதிய மருந்தைப் பெற்றோருள் நூற்றுக்கு 29 பேருக்கு நோய் சற்றும் அடங்காமல் வளர்ந்துகொண்டே சென்றது. வேதிமருந்து பெற்றோரில் அவ்வாறு ஆனவர் நூற்றுக்கு 12 பேர்தாம். தகுதியுடைய கட்டியிலும் ஒற்றை மருந்து சிலரைக் கைவிடுகிறது என்பது இதன் பொருள்.

இங்கேதான் கூட்டு மருத்துவம் தன் பயனை ஐயமறக் காட்டியது. நிவோலுமாப்போடு இபிலிமுமாப்பையும் சேர்த்து இரு தடைகளையும் ஒருசேர நீக்கினர். ஒன்று நிணநீர் முடிச்சுகளில் புதிய டி அணுக்கள் பெருக வழிசெய்கிறது. மற்றொன்று கட்டியின் அருகே சோர்ந்து நிற்பவற்றைப் போருக்கு எழுப்புகிறது. 2024இல் வெளியான முடிவின்படி, ஈராண்டு கழிந்த பின்னும் நோய் முன்னேறாதிருந்தோர் இக்கூட்டு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 72 பேர். வேதிமருந்து பெற்றோருள் 14 பேர். கடுமையான பக்கவிளைவுகளும் வேதிமருந்தில் 48 விழுக்காடாக இருக்க, இதில் 23 விழுக்காடாகவே இருந்தன. நிவோலுமாப் மட்டும் பெற்றோரைவிடவும் கூட்டு மருந்து பெற்றோரே நெடுங்காலம் நோயை வென்று நின்றனர் என்பதும் அடுத்து வெளியான பகுதியில் உறுதியாயிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் இது முதல்நிலை மருத்துவமாக ஏற்கப்பட்டது.

எஞ்சிய தொண்ணூற்றைந்து பேர்

உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடற் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். பரவிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோருள் மிகப் பெரும்பாலோர் பிழைதிருத்தம் பழுதுறாத கட்டியுடையோரே. அக்கட்டிகளைச் சுற்றி டி அணுக்கள் அரிதாகவே காணப்படுகின்றன. காவலரே இல்லாத இடத்தில் பிரேக்கை விடுவித்துப் பயன் என்ன? ஆகவே காவலரை அங்கு வரவழைக்கும் துணை மருந்து ஒன்று தேவை. கடந்த பத்தாண்டு ஆய்வுகளின் வரலாறு அத்துணையைத் தேடிய வரலாறே.

எம்.இ.கே. என்னும் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுத்தால் எலிகளின் கட்டிக்குள் டி அணுக்கள் மிகுதியாக நுழைகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் கண்டனர். அச்சமிக்ஞையைத் தடுக்கும் கோபிமெட்டினிப்பை அட்டிசோலிசுமாப்போடு இணைத்துச் சிலருக்குக் கொடுத்தபோதும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 363 பேரிடம் முறைப்படி சோதித்தபோது, இக்கூட்டு மருந்தால் கிட்டிய இடைநிலை வாழ்நாள் 8.87 மாதம்; வழக்கமான ரெகோராஃபெனிப் மாத்திரையால் கிட்டியது 8.51 மாதம். சில நாள்களே வேறுபாடு. எலியில் வென்றது மனிதரில் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை என்ற பழம்பாடத்தை ஆய்வாளர்கள் மறுபடியும் கற்றனர்.

பின்னர் அந்த ரெகோராஃபெனிப் மாத்திரையையே துணையாக்கினர். கட்டிக்கு உணவூட்டும் புதிய குருதிக் குழாய்கள் வளர்வதைத் தடுப்பது அது. டி அணுக்களை ஒடுக்கும் வேறு சில வெள்ளையணுக்களையும் குறைக்க வல்லது. ஜப்பானில் இதனை நிவோலுமாப்போடு சேர்த்தளித்தபோது பிழைதிருத்தம் பழுதுறாத 24 பேரில் எண்மருக்குக் கட்டி சுருங்கியது. 2020இல் வெளியான இம்முடிவு பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியது. அமெரிக்காவில் 70 பேரிடம் அதே கூட்டு சோதிக்கப்பட்டபோது, பயன் பெற்றோர் நூற்றுக்கு ஏழு பேரே. சிறிய ஆய்வின் பெரிய விழுக்காட்டைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வேதிமருந்தோடு இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்தால் மடியும் புற்று உயிரணுக்கள், மடியும்போது அபாய அறிவிப்புப் போன்ற பொருள்களை வெளியிட்டுக் காவலரை ஈர்க்கின்றன. இத்தாலியில் 218 பேரிடம் வேதிமருந்துகளோடும் பெவாசிசுமாப்போடும் அட்டிசோலிசுமாப்பைச் சேர்த்தபோது நோய் முன்னேறாத காலம் 11.5 மாதத்திலிருந்து 13.1 மாதமாக நீண்டது. பயன் உண்டு, எனினும் சிறிது.

என் ஆசிரியரை நிமிர்ந்து உட்கார வைத்தது மற்றோர் இத்தாலிய முயற்சி. கட்டியில் பிழை குறைவாக இருப்பதுதானே தடையாக உள்ளது. பிழையை நாமே மிகுவித்தால் என்ன என்று அவர்கள் எண்ணினர்! டெமோசோலமைடு என்னும் மருந்து டி.என்.ஏ. எழுத்துகளைச் சிதைப்பது. அச்சிதைவைச் சரிசெய்யும் எம்.ஜி.எம்.டி. என்னும் மரபணு வாய்மூடிக் கிடக்கும் கட்டிகளில் அம்மருந்தை முதலில் செலுத்தினால், பிழைதிருத்தும் ஆற்றலை இழந்த உயிரணுக்களே பெரிதும் தப்பிப் பெருகும், பிழைகளும் குவியும். அதன்பின் நிவோலுமாப்பும் குறைந்த அளவு இபிலிமுமாப்பும் தரப்படும். 135 பேருக்கு இம்முறை தொடங்கப்பட்டது. இடையில் நோய் முற்றாமல் இரண்டாம் கட்டத்தை எட்டியவர் 33 பேரே. அவர்களுள் 45 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. எண்ணிக்கை சிறியது, ஒப்புநோக்க வேறொரு குழுவும் இல்லை. 2022இல் வெளியான இதனை அழகிய கருத்தின் முதற்படியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பெருந்தொகையான நோயாளிகளிடம் வாழ்நாளே நீண்டது என்று காட்டிய கூட்டு 2025இல்தான் கிடைத்தது. ஜான்சலின்டினிப் என்னும் மாத்திரையையும் அட்டிசோலிசுமாப்பையும் இணைத்து, ஏற்கெனவே பல மருந்துகளைப் பெற்றுத் தளர்ந்திருந்த ஏறத்தாழ 900 பேரிடம் சோதித்தனர். இடைநிலை வாழ்நாள் 10.9 மாதம், ரெகோராஃபெனிப் பெற்ற குழுவினருக்கு 9.4 மாதம். ஒன்றரை மாதம்! பத்தாண்டு உழைப்பின் பயன் இவ்வளவுதானா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நோயாளியின் வீட்டில் அமர்ந்து பார்த்தால் ஒன்றரை மாதம் சிறிதாகத் தோன்றாது. ஆயினும் அதற்காக வீட்டையும் நிலத்தையும் இழக்கலாமா என்பது வேறு கேள்வி. அதனைக் குடும்பத்தாரிடம் ஒளிவின்றி எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என்பது என் கருத்து.

கல்லீரல்

மேற்கூறிய ஆய்வுகளிடையே ஒரு செய்தி மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. அமெரிக்காவில் ரெகோராஃபெனிப்பும் நிவோலுமாப்பும் பெற்ற 70 பேரில் பயனடைந்த ஐவரும் கல்லீரலில் நோய் பரவாதவர்கள். போட்டென்சிலிமாப், பால்ஸ்டிலிமாப் என்னும் புதிய இணையைப் பற்றி 2024இல் வெளியான அறிக்கையிலும் அதே நிலை. கல்லீரலில் நோய் இல்லாதோருள் நூற்றுக்கு 22 பேருக்குக் கட்டி சுருங்கியது. இருந்தோருள் ஒருவருக்கும் இல்லை.

இதற்கு ஒரு விளக்கத்தை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் எலிகளைக் கொண்டு அளித்தனர். கல்லீரலில் குடியேறிய புற்று, குருதியில் உலவும் டி அணுக்களைத் தன்பால் இழுக்கிறது. அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அவற்றை மடியச் செய்கின்றன. ஆகவே உடலின் பிற இடங்களிலும் காவற்படை மெலிந்துவிடுகிறது. கல்லீரற் கட்டிகளுக்குக் கதிர்வீச்சு அளித்தபோது இந்த இழப்பு குறைந்தது. பெருங்குடலின் குருதி நேரே கல்லீரலுக்கே செல்வதால், இந்நோய் முதலில் பரவுமிடமும் பெரும்பாலும் கல்லீரலே என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

பக்கவிளைவும் பணமும்

முடி உதிராது, வாந்தி அதிகம் இராது என்பதால் இம்மருந்துகள் தீங்கற்றவை என்று கருதிவிடுவோர் உண்டு. அது தவறு. தடை நீங்கிய காவலர் சில வேளை சொந்த உறுப்புகளையே தாக்குவர். தைராய்டு சுரப்பி, நுரையீரல், கல்லீரல், குடல் ஆகியவற்றில் அழற்சி தோன்றலாம். திடீரென நீரிழிவு தோன்றியோரும் உளர். இரு தடைகளையும் நீக்கும் கூட்டில் இது மிகுதி. பெருங்குடற் புற்றினர் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டியது வயிற்றுப்போக்கு. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காத்திருத்தல் ஆகாது. மருந்து செலுத்திச் சில மாதங்கள் கழிந்த பின்னும் இது தோன்றக்கூடும். உடனே தெரிவித்தால் ஸ்டீராய்டு மருந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். முடக்குவாதம், லூப்பஸ் போன்ற நோய் முன்பே இருப்பின் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

விலை, நம்மைப் போன்றோர் குடும்பங்களுக்கு எட்டாத உயரம். ஓராண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் இதற்கு ஒரு வழி தேடினர். தலை, கழுத்துப் புற்றினர் 151 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பாதியினருக்கு மலிவான மாத்திரைகளோடு நிவோலுமாப்பை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், அளித்தனர். ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாயினர். 2022இல் வெளியான இம்முடிவு தலை, கழுத்துப் புற்றுக்குரியது. அதனைப் பெருங்குடற் புற்றுக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று.

நான்கு புரதங்களின் சோதனை

மருந்தின் விலை அவ்வாறிருக்க, அது பயன்படுமா என்று முன்கூட்டியே அறியும் சோதனைக்கு ஆகும் செலவு அதில் மிகச் சிறு பகுதியே. பயாப்சியிலோ அறுவையிலோ எடுத்த திசு, மெழுகில் பதிக்கப்பட்டு ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதனைப் 'பிளாக்' என்பர். நோயாளியின் குடும்பத்தார் அதனைக் கேட்டுப் பெறலாம். மறுபடி உடலைக் குத்த வேண்டியதில்லை. அத்திசுவில் நான்கு புரதங்களும் உள்ளனவா என்று சாயமேற்றிக் காண்பர். ஒன்றோ இரண்டோ இல்லையெனில் அறிக்கையில் 'டி.எம்.எம்.ஆர்.' என்றோ, டி.என்.ஏ. முறையில் சோதித்திருப்பின் 'எம்.எஸ்.ஐ.-எச்' என்றோ குறித்திருக்கும். இச்சோதனையை மருத்துவத்தின் தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டும். வேதிமருந்தெல்லாம் தோற்ற பின்னர் நினைவுகூர்வது காலங்கடந்த செயல்.

இதனால் குடும்பத்துக்கும் ஒரு பயன் உண்டு. 1895இல் மிச்சிகனைச் சேர்ந்த தையற்பெண் ஒருத்தி, தன் குடும்பத்தில் பலர் புற்றால் மாண்டனர், தானும் அவ்வாறே மாள்வேன் என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் நோயியல் அறிஞரிடம் கூறினாள். அவள் அஞ்சியவாறே ஆயிற்று. வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றை 1913இல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்பவர் இத்தகைய குடும்பங்களை விரிவாக ஆராய்ந்ததால் அந்நிலை லிஞ்ச் நோய்த்தொகுதி எனப்படுகிறது. பிழைதிருத்தும் மரபணுவொன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பதே காரணம். பெற்றோருள் ஒருவருக்கு அது இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அத்தகையோர் இருபது, இருபத்தைந்து வயது முதலே ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை பெருங்குடலைக் கொலனோஸ்கோபியால் சோதித்து வந்தால் நோயைப் பெரிதும் தவிர்க்கலாம். புரதம் இல்லாத கட்டியெல்லாம் மரபுவழி வந்ததன்று. முதியோரிடம் அது தானாகவும் நேர்வதுண்டு. எனவே அடுத்த கட்டமாக மரபணுச் சோதனை தேவைப்படும். உறவில் மணமுடிக்கும் வழக்கமுடைய நாம் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். தாய், தந்தை இருவழியிலும் ஒரே பழுது வந்து சேர்ந்த குழந்தைக்கு இளமையிலேயே குருதிப் புற்றும் மூளைக் கட்டியும் குடற் புற்றும் தோன்றக்கூடும். இஃது அரிது, ஆயினும் உறவுமணக் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது.

என் ஆசிரியர் அன்றே ஆய்வகத்துக்குச் சென்று மைத்துனரின் பிளாக்கைப் பெற்றுச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் அறிக்கை வந்தது. நான்கு புரதங்களும் இருந்தன. நறுக்கிலிருந்த மருந்து அவருக்கு உரியதன்று என்பது உறுதியாயிற்று, நிலம் விற்கப்படவில்லை. வழக்கமான வேதிமருந்தையே பெற்றார். ஓராண்டும் எட்டு மாதமும் இருந்தார். மகளின் திருமணத்தைக் கண்டார். மரபுவழி நோய் என்னும் ஐயமும் பெரும்பாலும் நீங்கியது. எனினும் தந்தைக்கு இந்நோய் வந்திருப்பின், பிள்ளைகள் நாற்பது வயதிலோ, தந்தைக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். மூத்த மகனுக்கு நாற்பது வயது நிறைந்தபோது என் ஆசிரியர் விடாது வற்புறுத்தி அவனை அனுப்பினார். சிறிய பாலிப் ஒன்று இருந்தது. சோதனையின்போதே அதனை அகற்றிவிட்டனர்.